எல்ம் வில்லும் பதினைந்து மீற்றரும்

என் வலது தோளில் தசை கிழிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இக்காஸ்ட் என்ற டெனிஷ் நகரத்துக்கு வெளியே ஒரு வீட்டில், தொண்ணூறு வயதை நெருங்கிய ஒருவரைக் குளியலறைக் கதிரையிலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தேன். அவர் கால் வழுக்கியது. விழவிடாமல் பிடித்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குள் மட்டும் பழந்துணி கிழிவது போல ஒரு சத்தம் கேட்டது.

அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. கொமூன என்கிற நகரசபையின் வீட்டுப் பராமரிப்பு வேலையில் இருபது வருடத்துக்கு மேல். கணவர் இறந்து பதினான்கு மாதம். ஒரு மார்ச் மாதக் காலை வேலைக்குப் போகச் சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே முன்பக்கம் சரிந்தார். ஒரே மகள் கோப்பன்ஹேகனில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தொலைபேசி எடுப்பாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டெனிஷில் பதில் சொல்வாள். இருபது நிமிடத்தில் இருவருக்கும் கதை முடிந்துவிடும்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். கதிரை போதாமல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினோம். பிறகு ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. எல்லாருக்கும் ஷிஃப்ட் வேலை, பிள்ளைகள். ஆனால் அதன்பின் யாராவது என்னைக் கண்டால் தலையைச் சற்றுச் சரித்து, "எப்பிடி இருக்கிறியள் அக்கா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தத் தலைச்சரிவுக்குப் பயந்தே கடைக்குப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டேன்.

தோளுக்காக இரண்டு மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போன இடத்தில் ஓர் இளம் பெண் பச்சை நிற ரப்பர் பட்டி ஒன்று தந்தாள். கதவுப்பிடியில் கட்டி, முழங்கையைப் பின்னால் கொண்டுபோய் இழுக்கவேண்டும். நாளுக்கு மூன்று தடவை. எனக்கு வேறு வேலை இல்லை, பத்துத் தடவை இழுத்தேன். குசினிக் கதவின் முன் நின்று இழுக்கும்போது மட்டும் வீட்டில் ஏதோ நடந்துகொண்டிருப்பது போல இருந்தது.

ஆறாவது கிழமை நான் இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண், "நீ வில் இழுப்பது போல இழுக்கிறாய்," என்றாள். "என் அப்பா வில் எய்பவர். வியாழக்கிழமைகளில் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுகிறார்கள். தோள் ஆறியதும் போய்ப் பார். இந்த ரப்பரைவிட அது நல்லது."

விளையாட்டுக்குச் சொன்னாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் வேலைக்குத் திரும்பிய முதல் வியாழக்கிழமை, வீட்டுக்குப் போக மனமில்லாமல் அந்த மண்டபத்து வாசலில் காரை நிறுத்தினேன்.

பதினைந்து பேர் வரை இருந்தார்கள். ஒருவர் எனக்கு மிக மெல்லிய வில் ஒன்றைத் தந்து, கால் எங்கே, கை எங்கே என்று காட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். அதற்குமேல் ஒருவரும் என்னிடம் கதைக்கவில்லை. டெனிஷ்காரரின் இந்தக் குணத்தை வந்த காலத்தில் நான் கர்வம் என்று நினைத்திருக்கிறேன். அன்று அது பெரிய உபகாரமாக இருந்தது. ஒரு மணித்தியாலம் அம்பு விட்டேன். பாதிக்கு மேல் சுவரில் தொங்கிய வலையில் போய் விழுந்தன. அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் எதையும் நினைக்கவில்லை என்பது காரில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

அங்கே பலர் வைத்திருந்தவை நுனிகளில் சில்லுப் பூட்டிய நவீன விற்கள். ஒருவரிடம் மட்டும் வெறும் மரத்தாலான நீண்ட வில் இருந்தது. மர ஆலையில் வேலைசெய்பவர், என் வயதுதான் இருக்கும். அவர் வில்லில் குறிபார்க்கும் கருவி எதுவும் இல்லை. நாணை விடும்போது சத்தமும் இல்லை, யாரோ பாயை உதறியது போல ஒரு சின்ன ஒலி மட்டும். மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் கேட்டேன்.

"இதை எங்கே வாங்கினாய்?"

"வாங்கவில்லை. செய்தேன்."

"எனக்கும் ஒன்று செய்து தருவாயா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்லை. ஆனால் நீ செய்யலாம். என்னிடம் காய்ந்த எல்ம் மரம் இருக்கிறது."

இந்த நாட்டில் கற்காலத்து மனிதர்களும் எல்ம் மரத்தில்தான் வில் செய்தார்கள், சதுப்பு நிலத்துக்குள் அவை அழியாமல் கிடந்தன என்று அவர் சொன்னார். அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் என் வாசலில் இறக்கிவைத்த மரம்தான் பெரிதாகப் பட்டது. என் உயரத்துக்குமேல் நீளம், பட்டையோடு, நடுவே பிளந்த ஒரு தடி. அதை வைக்க இடம் வேண்டி, கராஜிலிருந்து கணவருடைய காரை வெளியே எடுத்தேன். அவர் அதை ஒருநாளும் மழையில் விட்டதில்லை. அன்று மழை பெய்தது. குசினி யன்னலால் அந்தக் கார் நனைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கராஜுக்குள் போய்விட்டேன்.

வில் செய்வது பெரும்பாலும் மரத்தைக் குறைப்பது. பட்டையை உரித்ததும் தெரிகிற முதல் ஆண்டு வளையத்தைத் தொடக்கூடாது. வில்லின் முதுகு அது. அதில் ஓர் இடம் வெட்டுப்பட்டாலும் அங்கேதான் பின்னொரு நாள் முறியும். எய்பவரைப் பார்த்திருக்கும் வயிற்றுப் பக்கமிருந்து மட்டும் சீவவேண்டும், இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் நம்மை நோக்கி இழுத்து. ஓரளவு மெலிந்ததும் சுவரில் பதித்த பலகையில் அதைக் கிடையாக வைத்து, இரு நுனியிலும் கட்டிய கயிற்றைக் கப்பி வழியாக இழுத்து, எட்டத்தில் நின்று வளைவைப் பார்க்கவேண்டும். எங்கே விறைத்துக்கொண்டு நிற்கிறதோ அங்கே கொஞ்சம் சுரண்டவேண்டும். ஒரு முறை சுரண்டினால் இருபது முறை இழுத்து விடவேண்டும், மரம் புதிய வளைவுக்குப் பழகுவதற்காக. அவசரப்பட வழியே இல்லை. எனக்கும் அவசரம் இல்லை. வேலை முடிந்து வந்து உடுப்பு மாற்றி, கராஜ் விளக்கைப் போட்டால், சாப்பாட்டு நேரம் எப்போது தாண்டியது என்று தெரியாது.

முதல் வில் நாலாவது மாதம் உடைந்தது. முக்கால்வாசி இழுத்திருந்தேன். வெடி வெடித்தது போல ஒரு சத்தம். ஒரு துண்டு கன்னத்தை உரசிக்கொண்டு போய்க் கதவில் அடித்தது. கொஞ்ச நேரம் கையில் மிஞ்சிய பாதியோடு நின்றேன். இதை யாருக்காவது சொல்லவேண்டும் போல இருந்தது. மகளுக்குச் சொன்னால் பயப்படுவாள். எங்கள் கோயிற் சனத்துக்குச் சொல்வதென்றால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். கடைசியில் மர ஆலைக்காரருக்கு உடைந்த துண்டுகளின் படத்தை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "நல்லது. அடுத்ததற்கு மரம் எடுத்து வைத்திருக்கிறேன்."

அந்த நாட்களில்தான் என் சிநேகிதி ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் வந்தாள். நானும் அவளும் ஒரே வருடத்தில் இக்காஸ்டுக்கு வந்தவர்கள். முதல் மூன்று வருடம் ஒரே தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் தைத்தவர்கள். இடியப்பப் பெட்டியோடு வந்தவள் கராஜில் வெளிச்சத்தைக் கண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். தரை முழுக்கச் சீவல். என் தலைமயிரிலும் சீவல்.

"என்னக்கா இது? தச்சு வேலையே?"

"வில்லு செய்யிறன்."

"வில்லோ? ஆருக்கு?"

"எனக்குத்தான்."

அவள் சிரிக்கவில்லை. பெட்டியை மேசை விளிம்பில் வைத்தாள். "அவர் இருந்திருந்தால் இதுக்கு விட்டிருப்பாரோ?"

"அவர் இருந்திருந்தால் எனக்கு இது தேவைப்பட்டிராது."

இருவரும் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். அவள் தன் மருமகளைப் பற்றிக் கதைத்தாள். போகும்போது வாசலில் நின்று, "கோயிலுக்கு வாங்கோ அக்கா, சனம் கேக்குது," என்றாள். "வாறன்," என்றேன். போகவில்லை.

இரண்டாவது வில் தாங்கியது. நாற்பத்தைந்து இறாத்தல் இழுவை. அதை முழுக்க இழுக்க என் தோளுக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது. கோடையில் காட்டுக்குள் நுரையால் செய்த மான், பன்றி உருவங்களை வைத்து எய்வார்கள். அவற்றில் ஓரளவு தேறியபோது, வேட்டை அனுமதி எடுக்கப்போகிறேன் என்று மகளுக்குச் சொன்னேன்.

அவள் டெனிஷில் கேட்டாள். "அம்மா, உங்களுக்கு ஏதாவதைக் கொல்லவேண்டும் போல இருக்கிறதா?"

"இல்லைப் பிள்ளை."

"அப்படியென்றால் ஏன்?"

அன்று சரியான பதில் வரவில்லை. இப்போது யோசித்தால் இப்படிச் சொல்லியிருக்கலாம்: துவக்கு வைத்திருப்பவர் நூறு மீற்றருக்கு அப்பாலிருந்து சுடலாம். என் வில்லுக்குப் பதினைந்து மீற்றர் வேண்டும். ஒரு காட்டு உயிர் தன் விருப்பத்தில் பதினைந்து மீற்றருக்குள் வரவேண்டுமென்றால், நான் அங்கே இல்லாதது போல இருக்கப் பழகவேண்டும். வீட்டில் யாரும் என்னைக் காணாதபடி இருப்பது எனக்குப் பாரமாக இருந்தது. காட்டில் அதே இருப்புக்கு ஒரு பயன் இருந்தது.

அனுமதிப் பரீட்சைக்கு, வில்லுக்காரர் என்றாலும் துவக்கைக் கையாளத் தெரிந்திருக்கவேண்டும். பயிற்றுநர் அதை என்னிடம் நீட்டியபோது எண்ணெய் மணம் முதலில் வந்தது. என் அண்ணன் பத்தொன்பது வயதில் தோளில் ஒன்றோடு வீட்டுக்கு ஒருமுறை வந்து போனான். அம்மா கொடுத்த சோற்றை நின்றபடி சாப்பிட்டான். அதை ஓரிடத்திலும் இறக்கி வைக்கவில்லை. அதற்குப் பிறகு அவனை நாங்கள் காணவில்லை. நான் துவக்கை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய், வாகனத் தரிப்பிடத்தில் நின்றேன். பயிற்றுநர் பின்னால் வந்தார்.

"உடம்பு சரியில்லையா?"

"இல்லை. எங்கள் நாட்டில் யுத்தம் நடந்தது."

அவர் தலையாட்டினார். "அவசரமில்லை. கடைசி ஆளாக வா," என்றார். கடைசி ஆளாகப் போனேன். திறந்து காட்டச் சொன்னதைத் திறந்து காட்டினேன், தோட்டா இல்லை என்று சொல்லச் சொன்னதைச் சொன்னேன். பிறகு இன்றுவரை நான் துவக்கைத் தொடவில்லை. வில் பரீட்சையில் ஒரு முறை தவறி, அடுத்த முறை தேறினேன்.

வேட்டைக்கு நிலம் தந்தவர் ஒரு பண்ணைக்காரர். அவருடைய தாயைக் கிழமையில் மூன்று நாள் குளிக்கவைக்கப் போவேன். என் காரின் பின் இருக்கையில் வில்லைக் கண்டுவிட்டு, "என் இளம் மரங்களின் குருத்தையெல்லாம் மான் தின்கிறது. வேண்டுமென்றால் அந்தத் தோப்பில் இரு," என்றார். அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம்.

இரண்டு இலையுதிர் காலம் அங்கே இருந்தேன். வேலையில்லாத நாட்களில் இருட்டு விலகுமுன் போய், ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தில் முதுகு சாய்த்து, மடித்த பாயில் இருப்பேன். முதல் அரை மணித்தியாலம் மனம் வீட்டுக் கணக்குகளையும் பழைய சண்டைகளையும் பிரட்டும். பிறகு குளிர் கால்விரலில் ஏறும்போது அதுவும் அடங்கும். மரங்கொத்தி என் தலைக்கு மேலேயே கொத்தும். ஒருமுறை நரி ஒன்று என் சப்பாத்தை மணந்து பார்த்துவிட்டுப் போனது. மான்கள் வந்தன. பலமுறை வில்லைத் தூக்கவே இல்லை. ஒரு பெட்டை மான் பன்னிரண்டு மீற்றரில் நின்று அசைபோட்டது. அதன் கண்ணிமை மயிர் தெரிந்தது. காதுகள் மட்டும் தனித்தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. நான் மூச்சை எப்படி விட்டேனோ தெரியாது. அது போன பிறகு என் முகம் நனைந்திருந்தது. ஏன் என்று நான் ஆராயவில்லை.

இரண்டாவது வருட ஒக்டோபரில் ஒரு கிடாய் மான் வந்தது. பக்கவாட்டில், தலை குனிந்து, இடையில் ஒரு கிளையும் இல்லாமல். வில்லை இழுத்ததும் ஞாபகமில்லை, விட்டதும் ஞாபகமில்லை. அம்பு போய்ப் பட்ட சத்தம் மட்டும் காதில் இருக்கிறது. அது பட்ட கணத்தில் கிடாய் ஒரு அடி முன்னால் வைத்திருந்தது. நான் பார்த்த இடத்துக்கு ஒரு சாண் பின்னால் பட்டது. அது முதுகை வளைத்துக்கொண்டு ஓடி மறைந்தது.

பின்னால் ஓடிப் போகக்கூடாது, காயப்பட்ட மான் துரத்தினால் இன்னும் தூரம் போகும். இருந்த இடத்திலேயே இருந்து, காயப்பட்ட விலங்கைத் தேட நாயோடு வருபவரின் இலக்கத்தை அழைத்தேன். இங்கே அப்படி ஒழுங்கு இருக்கிறது, சன்மானம் இல்லாமல் வருவார்கள். முக்கால் மணித்தியாலத்தில் வந்தார். ஓய்வுபெற்ற தபாற்காரர். கட்டையான கால்களோடு ஒரு மண்ணிற நாய்.

"எங்கே பட்டது என்று நினைக்கிறாய்?"

"பின்னால் பட்டுவிட்டது. என் பிழை."

"அதைப் பிறகு பார்ப்போம். எந்தப் பக்கம் ஓடியது?"

நாய் மூக்கை நிலத்தில் வைத்தது. நாங்கள் நீண்ட கயிற்றின் பின்னால் நடந்தோம். ஒரு இலையில் ஒரு துளி. பிறகு வெகுதூரத்துக்கு ஒன்றுமில்லை. பிறகு புல்லில் ஒரு கீற்று. வேலி தாண்டி, ஓடைக் கரையால், தொட்டால் சுணைக்கும் காஞ்சொண்டிப் புதர் வரை. அங்கே அது சரிந்து கிடந்தது. உயிர் போய்விட்டது. தொட்டுப் பார்த்தேன், வயிறு இன்னும் சூடாக இருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளு," என்றேன். தமிழில்தான் வந்தது. தபாற்காரர் அது என்ன மொழி என்று கேட்கவில்லை. ஸ்ப்ரூஸ் மரத்திலிருந்து ஒரு சின்னக் கொப்பை ஒடித்து வந்து, மானின் வாயைத் திறந்து பற்களுக்கிடையில் வைத்தார்.

"இது ஏன்?"

"கடைசிக் கவளம். பழைய வழக்கம். நீ வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன்."

"எடுக்க வேண்டாம். இருக்கட்டும்."

தகன மண்டபத்தில் என் கணவரின் வாயில் அரிசி போடும்போது பாதி கழுத்தில் சிந்தியது. அதை மகள்தான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். அந்தத் தபாற்காரருக்கு நான் இதைச் சொன்னேன். எங்கள் ஆட்களிலும் ஒருவருக்கும் சொல்லாததை, முன்பின் தெரியாத மனிதரிடம், காஞ்சொண்டிக்குள் நின்றுகொண்டு சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார்.

"உடனே அழைத்தது நல்லது," என்றார் கடைசியில். "சிலர் அழைப்பதில்லை."

வயிற்றை எப்படிக் கிழிப்பது, எதை எடுப்பது என்று அவரே காட்டினார். இறைச்சியை நான்தான் துண்டுபோட்டேன். ஊர்க் கறித்தூளில், மிளகு தூக்கலாகப் போட்டுக் காய்ச்சினேன். சிநேகிதியை அழைத்தேன்.

"மான் எண்டால்... நீங்களே கொன்றதோ அக்கா?"

"ஓம்."

"கடையிலை வாங்கினதெண்டால் பரவாயில்லை. இது வேறை மாதிரி. குறை நினையாதேங்கோ."

குறை நினைக்கவில்லை. அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். நான் மூன்று நாள் தனியாகச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. ருசியாக இருந்ததைச் சொல்ல ஆள் இல்லாதது மட்டும்தான் குறை.

டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு மகள் வந்தாள். மிச்ச இறைச்சியைச் சமைத்துவைத்தேன். சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தவள், முதல் வாய்க்குப் பிறகு நிமிராமல் சாப்பிட்டு, இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள். பிறகு, "நாளைக்கு அந்த இடத்தைக் காட்டுவீர்களா?" என்று கேட்டாள்.

வில் இல்லாமல் போனோம். தரை உறைந்து இறுகியிருந்தது. நான் இருக்கும் மரத்தடியில் அவளைப் பாயில் இருத்தி, நான் பக்கத்தில் வேரில் இருந்தேன். பத்து நிமிடம் அசையாமல் இருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். ஜாக்கெட் பையில் கைபேசி அதிர்ந்தது, எடுத்துப் பார்த்து வைத்தாள். ஒரு காகம் தவிர ஒன்றும் வரவில்லை.

"அம்மா," என்றாள் மெதுவாக. டெனிஷில்தான். "இங்கே தனியாக இருக்கும்போது அப்பாவை நினைப்பீர்களா?"

"சில நேரம். கன நேரம் இல்லை."

"எனக்கு அது நிம்மதியா, கவலையா என்று தெரியவில்லை."

"எனக்கும்தான்," என்றேன்.

அரை மணித்தியாலத்துக்குமேல் அவளால் குளிரைத் தாங்க முடியவில்லை. எழுந்து நடந்தோம். மறுநாள் அவளை ரயிலில் ஏற்றிவிட்டேன். இனி அடிக்கடி வருவேன் என்று சொன்னாள். வந்தாள் என்று சொல்ல முடியாது, ஆனால் இப்போது புதன்கிழமையும் தொலைபேசி எடுக்கிறாள். மான் வந்ததா என்றுதான் முதலில் கேட்பாள். பெரும்பாலும் வரவில்லை என்றுதான் சொல்வேன். "அப்படியென்றால் என்ன பார்த்தீர்கள்?" என்பாள். அன்று பார்த்ததைச் சொல்வேன். சில நாட்களில் அந்தக் கதை அரை மணித்தியாலத்தையும் தாண்டிப் போகிறது.